ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்காரும் முன்

 

பதிவு கொஞ்சம் நீளம். வேலையில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். படித்த பிறகு பதில் எழுதுங்கள். கைகூப்பும் படம் மட்டும் போட்டுத் தப்பிக்கக் கூடாது.

போன மாதம் 1996-இல் ஐந்தாம் வகுப்பு முடித்த செட் ஒன்றுகூடியது பலருக்குத் தெரியும். "பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்யலாம் டீச்சர்?" என்று கேட்டார்கள். பெயிண்ட் அடிக்கலாம், ஃபேன் வாங்கலாம், டிவி வாங்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்போது ஒருவன் எழுந்து, "படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை ஆளுக்கு ஒருத்தராக எடுத்துக்கொள்வோம். வாரம் ஒருநாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்போம். மென்டார் மாதிரி" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். டீச்சருக்குப் பிடிக்கவில்லையோ என்று இரண்டு பேர் அப்புறம் போனில் கேட்டார்கள்.

பிடிக்காமல் இல்லை. இது பெயிண்ட் அடிக்கிற மாதிரி வேலை இல்லை என்பதால்தான் தயங்கினேன். பெயிண்டைப் பாதியில் நிறுத்தினால் சுவர் வருத்தப்படாது. இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் நான் செய்த ஒரு தவறும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

முதலில் நம் திண்ணைப் பள்ளிக்கூடம். என் தாத்தா படித்தது அங்கேதான். ஒரே வாத்தியார். வெவ்வேறு வயதில் பிள்ளைகள். கரும்பலகை கிடையாது. தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத வேண்டும். எழுத்து கைக்கு வந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். வாத்தியாருக்கு அடுத்தபடி சட்டாம்பிள்ளை என்று ஒரு பையன் இருப்பான். கொஞ்சம் முன்னே படித்தவன். சின்னப் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுத வைப்பது அவன்தான். இன்று நாம் இங்கிலீஷ் பெயர் வைத்துப் பேசும் வேலையை நம் ஊரில் பத்து வயசுப் பையன் செய்துகொண்டிருந்தான்.

இந்தப் பழக்கம் சென்னையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குப் போன கதை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் இருந்த ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகள் காப்பகத்துக்கு மேற்பார்வையாளர் ஆனார். அங்கே இருந்த ஆசிரியர்களால் பிள்ளைகளுக்கு எழுத்தே வரவில்லை. ஒருநாள் வழியில் நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதையே காப்பகத்திலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. அதனால் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். பெரியவர்களால் முடியாததை அந்தப் பையன் முடித்துக் காட்டினான். அதன்பின் வகுப்பு முழுவதையும், கற்பிக்கிற பிள்ளை ஒருவன், கற்கிற பிள்ளை ஒருவன் என்று ஜோடி ஜோடியாகப் பிரித்தார் பெல்.

1796-இல் ஊர் திரும்பி, அடுத்த வருஷமே இதை லண்டனில் புத்தகமாகப் போட்டார். அங்கே இதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே போன்ற முறையில் பள்ளிகள் நடத்தினார். 1811-இல் தொடங்கிய நேஷனல் சொசைட்டி நாடு முழுவதும் இந்த முறையைக் கொண்டுபோனது. பெல் 1832-இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் கட்டிய பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். எழும்பூர் மணலில் எழுதியதன் அடையாளம் ஸ்காட்லாந்தில் நிற்கிறது.

இதைக் கேட்டதும் "எல்லாம் நம்மிடமே இருந்தது" என்று நெஞ்சை நிமிர்த்திவிட வேண்டாம். சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்ரோ 1822-இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். வந்த கணக்கில் 12,498 பள்ளிகள், ஏறத்தாழ 1,88,000 பிள்ளைகள். அதில் பெண் பிள்ளைகள் ஐயாயிரத்துக்கும் குறைவு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் திண்ணை ஏறவே வழியில்லை. சட்டாம்பிள்ளையும் எப்போதும் நல்லவனாக இருந்துவிடவில்லை. வாத்தியார் பெயரைச் சொல்லி அடிப்பான், மிரட்டித் தின்பண்டம் வாங்கிக்கொள்வான். என் தாத்தா வாங்கிய அடிகளில் பாதி சட்டாம்பிள்ளை கொடுத்தவைதானாம்.

இங்கிலாந்தில் இந்த முறை என்ன ஆயிற்று? ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், மேலே ஒரே ஒரு ஆசிரியர், நடுவில் சட்டாம்பிள்ளைகள். செலவு குறைவு என்பதே அதன் பெருமையாகிவிட்டது. மணி அடித்தால் எழுது, மணி அடித்தால் நிறுத்து என்று ஆலை போல ஓடியது. ஐம்பது வருஷத்துக்குள் அங்கேயும் அதைக் கைவிட்டார்கள். பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து விரலைப் பிடித்ததால் வந்த படிப்பு அது. பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகியபோது அந்த விரல்பிடிதான் முதலில் காணாமல் போனது.

அடுத்த கதை அமெரிக்காவில். 1904. நியூயார்க்கில் சிறுவர் நீதிமன்றத்தில் எர்னஸ்ட் கூல்டர் என்று ஒரு எழுத்தர். தினமும் சின்னச் சின்னத் தப்புக்காகக் கூண்டில் நிற்கும் பையன்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர். ஒரு தேவாலய ஆடவர் சங்கக் கூட்டத்தில் பேசும்போது, இந்தப் பையன்களுக்கு ஆளுக்கு ஒரு பெரியவர் துணை இருந்தால் போதும் என்று கேட்டார். ஏறத்தாழ 40 பேர் கை தூக்கினார்கள். ஆளுக்கு ஒரு பையன். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'பெரிய அண்ணன், பெரிய அக்கா' என்ற பொருளில் பெயர் வைத்த பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பு.

இது பலன் தருகிறதா என்று அங்கே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பத்து முதல் பதினாறு வயது வரையுள்ள 959 பிள்ளைகள். பாதிப் பேருக்குத் துணை கொடுத்து, மீதிப் பேரைக் காத்திருக்க வைத்து, ஒன்றரை வருஷம் கழித்து ஒப்பிட்டார்கள். 1995-இல் முடிவு வந்தது. துணை கிடைத்த பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. போதைப் பழக்கம் தொடங்கியவர்களும் குறைவு.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. அதே பிள்ளைகளின் விவரங்களை வைத்து 2002-இல் ஜீன் ரோட்ஸ், ஜீன் கிராஸ்மன் என்ற இருவர் இன்னொரு கேள்வி கேட்டார்கள்: அந்தத் துணை எத்தனை நாள் நீடித்தது? ஒரு வருஷமோ அதற்கு மேலோ நீடித்த பிள்ளைகளுக்குத்தான் பெரும் பலன். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன பிள்ளைகளுக்குத் தங்கள் மேலேயே இருந்த மதிப்பு குறைந்துவிட்டது. துணையே கிடைக்காமல் காத்திருந்த பிள்ளைகளைவிடக் கீழே போய்விட்டார்கள். அதாவது பாதியில் விடுவதைவிட ஆரம்பிக்காமல் இருப்பதே மேல்.

இதை என் மகன் கம்ப்யூட்டரில் தேடித் தமிழில் விளக்கிச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த முடிவு எனக்கு ஏற்கெனவே தெரியும். கரூரிலிருந்து வந்த ஒரு பஸ்ஸில் தெரிந்துகொண்டது.

1998. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். எழுத்துக் கூட்டவே வராது. வகுப்பில் 52 பேர் இருக்கும்போது அவன் ஒருவனோடு உட்கார எனக்கு நேரமில்லை. "சாயங்காலம் வீட்டுக்கு வாடா" என்றேன். தினமும் ஐந்து மணிக்கு வந்துவிடுவான். முகம் கழுவி, தலை வாரி, நெற்றியில் திருநீறோடு வருவான். இரண்டு மாதத்தில் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள் படிக்க ஆரம்பித்தான். அப்போது நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். கொத்தனார், செங்கல், கடன் என்று தலை சுற்றியது. "இன்றைக்கு முடியாதுடா, நாளைக்கு வா" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவன் வந்ததே எனக்குத் தெரியாது. திண்ணையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அதன்பின் அவன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால், அப்பாடா என்று இருந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான்.

நான் ஓய்வு பெற்றது 2019. அதற்கு இரண்டு வருஷம் முன்பு கரூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். "டீச்சர், உட்காருங்க" என்று ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவன்தான். லாரி ஓட்டுவதாகச் சொன்னான். கல்யாணம் ஆகி ஒரு குழந்தை. பேசிக்கொண்டே வந்தவன் பாளையம் தாண்டியதும் கேட்டான்: "டீச்சர், அப்ப நான் என்ன தப்பு செஞ்சேன்? எதுக்கு என் மேல கோபமா இருந்தீங்க? ரொம்ப நாள் யோசிச்சேன் டீச்சர்."

கொத்தனார் கதையை அவனிடம் சொன்னேன். "அவ்வளவுதானா டீச்சர்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வயசுப் பிள்ளைக்கு வீடு கட்டுவது தெரியாது, கடன் தெரியாது. வந்துகொண்டிருந்த ஆள் வராமல் போனால் காரணத்தைத் தன்னிடமே தேடும். அவன் பத்தொன்பது வருஷம் தேடியிருக்கிறான்.

ஆகவே தனி ஆளின் நல்ல மனசை மட்டும் நம்பி இதில் இறங்கக் கூடாது. இதை நான் 1991-92-இல் புதுக்கோட்டையில் பார்த்ததை வைத்தும் சொல்கிறேன். என் சித்தி மகள் அந்தப் பக்கம் வாக்கப்பட்டிருந்தாள். விடுமுறையில் போனால் ஊரே அறிவொளி இயக்கமாக இருக்கும். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்தினார். படித்த இளைஞர்களும் பெண்களும் சம்பளம் இல்லாமல் இரவில் சிம்னி வெளிச்சத்தில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பாட்டு, நாடகம், பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சி எல்லாம் அதோடு சேர்ந்து நடந்தது. சொல்லிக்கொடுக்கிற பெண் ஒருநாள் சோர்ந்தால், மறுநாள் விசாரிக்க ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்கே வந்துவிடுவார். தொண்டர் தொடர்ந்து வந்ததற்கு அந்த விசாரிப்பும் ஒரு காரணம். இயக்கத்தின் வேகம் அடங்கிய பிறகு, தொடர்ந்து படிக்க வாய்ப்பில்லாமல் எழுத்தை மறந்தவர்களையும் நான் பார்த்தேன்.

முப்பது வருஷம் கழித்து அதே மாதிரி ஒன்று நம் தெருவுக்கே வந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. பத்தொன்பது மாதம். முதல் வகுப்பை எட்டிப் பார்த்த பிள்ளை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதல்வர் ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சாயங்காலம் ஐந்து முதல் ஏழு மணிக்குள் ஒன்றரை மணி நேரம். தன்னார்வலர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். பெரும்பாலும் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஒருவருக்கு இருபது பிள்ளைகள் என்று கணக்கு.

பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ மூவரும் நம் மாநிலத்துக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கொரோனாவில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்கள் முடிவு. தெருவில் பாய் விரித்து உட்கார்ந்த நம் வீட்டுப் பெண்கள் சாதித்தது அது.

எங்கள் தெருவில் வகுப்பு எடுத்தது என் பழைய மாணவிதான். இந்தப் பதிவைப் படிக்கிறாள், வெட்கப்படுவாள், அதனால் பெயர் சொல்லவில்லை. நான் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் ஒரு பெண் பிள்ளையைக் கையைப் பிடித்து என்னிடம் கூட்டிவந்தாள். "இருபது பேரில் இதை என்னால் தனியாகப் பார்க்க முடியல. நீங்க பாருங்க டீச்சர்." மூன்றாம் வகுப்பு. அம்மா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை, அப்பா வெளியூர். அம்மாயியோடு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளை.

எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்தது. உடனே சரி என்று சொல்லவில்லை. அன்று இரவு யோசித்து, மறுநாள் அந்த அம்மாயியிடம் போய்ச் சொன்னேன்: "செவ்வாய், வெள்ளி இரண்டு நாள். ஒரு வருஷம். என்னால் முடியாத நாள் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்." அவர் சொன்னார், "அதுக்கென்ன டீச்சரம்மா, முடிஞ்சப்ப வாங்க." "இல்லைம்மா, முடிஞ்சப்ப இல்லை. செவ்வாய், வெள்ளி" என்றேன்.

ஆறு வாரம் ஒன்றும் நகரவில்லை. புத்தகத்தைத் திறந்தால் முகம் இறுகிவிடும். ஒருநாள் ஆடுகளைப் பற்றிக் கேட்டேன். வாய் ஓயாமல் பேசினாள். செவலை, கருப்பி, வெள்ளச்சி, மயிலை என்று ஒவ்வொன்றின் பெயர், குணம், எது யாருடைய குட்டி எல்லாம் சொன்னாள். அந்தப் பெயர்களைச் சிலேட்டில் எழுதினேன். செவலையும் மயிலையும் சொல்லிக்கொடுத்த 'லை' அதன்பின் மறக்கவே இல்லை. கருப்பியில் 'ரு' வந்தது. வெள்ளச்சியில் புள்ளி வைத்த எழுத்து வந்தது. பாடப்புத்தகம் அப்புறம் வந்தது.

நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை கரூரில் தங்கச்சி வீட்டு விசேஷம். செவ்வாய்க்கிழமையே நாட்காட்டியைக் காட்டி, "இந்த வெள்ளி வரமாட்டேன், அடுத்த செவ்வாய் வருவேன்" என்று பென்சிலால் வட்டம் போட்டேன். அந்தச் செவ்வாய் நான் போனபோது பாயை விரித்து எனக்கு முன்னாடியே உட்கார்ந்திருந்தாள். "வட்டத்துக்கு வந்துட்டீங்க" என்றாள். முன்பு ஒருவன் இருட்டும்வரை உட்கார்ந்திருந்த அதே மாதிரித் திண்ணைதான். எனக்குக் கண் கலங்கியதை அவள் பார்க்கவில்லை.

அவள் இப்போது நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். முதல் மதிப்பெண் எல்லாம் இல்லை. பஸ் போர்டு படிக்கிறாள், அம்மாயியின் ரேஷன் கார்டு படிக்கிறாள், கதைப் புத்தகம் கேட்கிறாள். எனக்கு அது போதும்.

செல்லங்களே, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிறவர்கள் ஒரு முழு வருஷத்துக்கு வாருங்கள். வாரம் ஒரு மணி நேரம் போதும், ஆனால் அதே கிழமை, அதே நேரம். வர முடியாத நாளைப் பிள்ளையிடமே முன்கூட்டிச் சொல்லுங்கள். வேலை மாற்றம், கல்யாணம் என்று நிறுத்த நேர்ந்தால், நேரில் வந்து காரணத்தைச் சொல்லி, "உன் மேல் தப்பில்லை" என்று வாய்விட்டுச் சொல்லி விடைபெறுங்கள்.

தலைமை ஆசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் பெற்றோருக்கும் தெரியாமல் எதுவும் வேண்டாம். பள்ளித் தாழ்வாரம், கோயில் மண்டபம் மாதிரி நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் மட்டும் உட்காருங்கள். பூட்டிய அறையில் கூடாது, தனியாக வெளியே அழைத்துப் போகவும் கூடாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த விதி எல்லோருக்கும்தான்.

போன், பணம், புதுத்துணி என்று வாங்கிக்கொடுத்துப் பழக்காதீர்கள். முதல் பத்து நிமிஷம் பிள்ளை பேசட்டும், நீங்கள் கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு செவலை, ஒரு கருப்பி இருக்கும்.

திருப்பூரிலும் சென்னையிலும் துபாயிலும் இருப்பவர்கள் "நாங்கள் என்ன செய்வது டீச்சர்" என்பீர்கள். இங்கே பிள்ளையோடு உட்காருகிறவரை விசாரிக்க ஒரு ஆள் வேண்டும். ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொண்டு, வாரா வாரம் "போனியா? எப்படி இருந்தது?" என்று போன் செய்யுங்கள். சொல்லிக்கொடுக்கிறவருக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு கை வேண்டும். புதுக்கோட்டையில் நான் பார்த்தது அதைத்தான்.

முடியாதவர்கள் முடியாது என்று சொல்லிவிடுங்கள். எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. பெயிண்டும் ஃபேனும் வேண்டியதுதான், அதற்குப் பணம் கொடுங்கள். ஆனால் ஆர்வத்தில் கை தூக்கிவிட்டு, ஆடி மாதம் வந்து ஐப்பசியில் காணாமல் போகாதீர்கள்.

பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டேன். பதினோரு பிள்ளைகளுக்கு ஆள் வேண்டும் என்கிறார். கீழே கருத்துப் பெட்டியில் பெயரை மட்டும் எழுத வேண்டாம். பெயரோடு எந்தக் கிழமை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

முதலில் நானே எழுதிவிடுகிறேன். டீச்சர், செவ்வாய்க்கிழமை.